மைன்கிராஃப்டில் வீடு கட்ட: கொத்தனார் சொற்களும் கோயில் சொற்களும்

கனசதுர பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் புதிதாகக் கட்டுபவர்களின் முதல் வீடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாலு சுவர், நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், மேலே தட்டையாக ஒரு மூடி. மரப்பலகையில் கட்டினாலும் வைர பிளாக்கில் கட்டினாலும் பெட்டி பெட்டிதான். கற்பனை போதவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. அந்த உலகத்தில் எடை கிடையாது. மணல், கிராவல், கான்கிரீட் பவுடர் போன்ற சில பிளாக்குகள்தான் கீழே விழும். மற்றதெல்லாம் அந்தரத்தில் நிற்கும். மரத்தின் அடியை வெட்டினால்கூட மேல்பாகம் மிதந்துகொண்டிருக்கும். மழை பெய்தால் சுவர் ஊறாது, ஓடு ஒழுகாது. அதனால் தூண், உத்திரம், இறவாணம் எதுவுமே இல்லாமல் வீட்டைக் கட்டி முடித்துவிட முடிகிறது. நாமும் அப்படியே முடித்துவிடுகிறோம்.

பார்க்கிறவரின் கண்ணோ நிஜக் கட்டடங்களைப் பார்த்துப் பழகியது. மேலே இருக்கும் கூரையை எது தாங்குகிறது, அதிலிருந்து தண்ணீர் எங்கே வடிகிறது என்று அது கேட்காமலே தேடும். கட்டடச் சொற்களில் முக்கால்வாசி இந்த இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்யும் உறுப்பின் பெயர்தான். ஆகவே சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே வைப்பது என்பது தானாகப் புரிந்துவிடும். கீழே ஒரு சின்ன வீட்டைத் தரையிலிருந்து முகடுவரை கட்டுவோம். சொற்கள் வரும் இடத்தில் வரட்டும். பிளாக் தீராத கிரியேட்டிவ் மோடில் ஒரு சமதள உலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் அளவு

ஒரு பிளாக் என்பது எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர். உங்கள் பாத்திரத்தின் உயரம் 1.8 பிளாக், கதவு 2 பிளாக். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் ஒன்பது அங்குலச் சுவரைவிட நான்கு மடங்குக்கு மேல் தடிமனான சுவர்தான் அங்கே ஆக மெல்லிய சுவர். நிஜ வீட்டின் பத்துக்குப் பத்து அறையை அப்படியே அளந்து கட்டினால் மூன்றுக்கு மூன்று பிளாக் வரும். கட்டிலும் பெட்டியும் போட்டால் நிற்க இடம் இருக்காது. அதனால் நீள அகலத்தை நிஜத்தைப் போல ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கும் உத்திரத்துக்கும் இடையே குறைந்தது 3 பிளாக், கூடமாக இருந்தால் 4.

அகலம் எப்போதும் ஒற்றைப்படை எண்ணாக இருக்கட்டும். 9, 11, 13 என்று போனால் கதவு சரியாக நடுவில் அமையும், கூரையின் முகடும் ஒரே வரிசையில் முடியும்.

அங்கணம்

இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கும் வெளிக்கு அங்கணம் என்று பெயர். புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். வீட்டைச் சுவர் நீளமாக நினைக்காமல் அங்கணங்களாக எண்ண ஆரம்பித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம் வீட்டுக்கு முகப்பில் மூன்று அங்கணம், ஆழத்தில் இரண்டு. தூணுக்குத் தூண் நடுவே 3 பிளாக் இடைவெளி. முகப்பில் 1, 5, 9, 13 ஆகிய இடங்களில் தூண் வரும். மொத்தம் 13 பிளாக். பக்கவாட்டில் 1, 5, 9. அந்த இடங்களில் மட்டும் இப்போதைக்குக் கம்பளி பிளாக்கை அடையாளத்துக்கு வைத்துவிடுங்கள். சுவரை இன்னும் தொட வேண்டாம்.

இடைவெளி ஏன் மூன்று? மரத் தூலம் ஓரளவு நீளத்தைத் தாங்கும், அதனால் மர வீட்டில் 3 முதல் 5 வரை போகலாம். கல் அப்படியில்லை. கல்லை எவ்வளவு வேண்டுமானாலும் மேலிருந்து அழுத்தலாம். ஆனால் அதைக் குறுக்கே கிடத்திப் பாரம் ஏற்றினால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். கோயில்களில் ஆயிரங்கால் மண்டபம் என்று தூண்களை நெருக்கி நெருக்கி நட்டதற்கு அழகு மட்டும் காரணமில்லை. கல் மண்டபம் கட்டுகிறீர்கள் என்றால் இடைவெளி 2, மிஞ்சினால் 3. இந்த ஒரு விதியை மீறினால் போதும், கல் மண்டபம் அட்டையில் செய்தது போலத் தெரியும்.

பீடம்

வீடு நேரடியாகப் புல்லிலிருந்து முளைக்கக் கூடாது. நிஜத்தில் மரத்தூணின் கால் மண்ணில் பட்டால் ஈரத்தில் அழுகும், கரையான் ஏறும். அதனால் எந்த ஊரிலும் மர வீட்டுக்கு அடியில் கல்லோ செங்கல்லோ வரும். நாம் பேஸ்மென்ட் மட்டம் என்று சொல்கிறோமே, அதுதான். தூண் கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஒரு பிளாக் தள்ளி, 15க்கு 11 அளவில், ஒரு பிளாக் உயரத்துக்குக் கோபிள்ஸ்டோனோ ஆன்டிசைட்டோ போடுங்கள். வாசலுக்கு நேரே கல் படி பிளாக்.

சாதாரண வீட்டுக்கு இவ்வளவு போதும். மாளிகை, மண்டபம், கோயில் என்று பெரிதாகப் போகிறவர்கள் மட்டும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கோயிலின் பீடத்துக்கு அதிட்டானம் என்று பெயர். அதன் ஒவ்வொரு அடுக்குக்கும் தனிப் பெயர் உண்டு, அந்த வரிசை பிளாக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. அடியில் தரையோடு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது உபானம். அதற்கு அரை உயர ஸ்லாப். அதன்மேல் நேராக நிற்கும் பட்டை ஜகதி. முழு பிளாக் ஒரு வரிசை. அதற்கு மேல் புடைத்து நிற்பது குமுதம். உருண்டையாகவும் இருக்கும், பட்டையாகவும் இருக்கும். மூன்று முகம் கொண்டதை முப்பட்டைக் குமுதம் என்பார்கள். கீழே தலைகீழ்ப் படி பிளாக், அதன்மேல் நேர்ப் படி பிளாக் என்று வைத்தால் அந்தப் புடைப்பு கிடைக்கும். அடுத்து உள்ளே ஒடுங்கும் பகுதி கண்டம். ஒரு பிளாக் பின்னால் தள்ளி வையுங்கள். கடைசியாக மறுபடி வெளியே நீளும் மெல்லிய பட்டிகை, அதற்கும் ஸ்லாப்.

இதில் ஜகதியும் குமுதமும் வெயிலில் நிற்கும், கண்டம் நிழலில் போய்விடும். வெளிச்சம், நிழல், வெளிச்சம் என்று மாறி மாறிக் கோடுகள் விழுவதால் ஒரே நிறக் கல்லில் கட்டினாலும் பீடம் கனமாகத் தெரிகிறது. ஐந்து வகைக் கல்லைக் கலந்து வண்ணம் காட்டுவதைவிட இது எனக்கு எப்போதும் மேலாகப் படுகிறது.

தூண், போதிகை, உத்திரம்

கம்பளி வைத்த இடங்களில் இப்போது தூணை நிறுத்துங்கள். ஸ்ப்ரூஸ் மரத்தின் லாக் பிளாக் (பட்டை உரிக்காத அடிமரம்), 4 உயரம். ஒரு பிளாக் கனமுள்ள தூண் ஐந்து உயரம்வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் குச்சி மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கு இரண்டாகத் தடிப்பாக்குங்கள்.

தூண்களின் தலையில் வீட்டைச் சுற்றி ஒரு வரிசை லாக்கைப் படுக்க வைத்தால் அது உத்திரம். லாக்கைப் படுக்க வைக்கும்போது அதன் இழையோட்டம் உத்திரத்தின் திசையிலேயே ஓடட்டும். நிற்கும் மரத்தைப் போலக் கோடு மேலும் கீழுமாக ஓடினால் உத்திரம் உத்திரமாகத் தெரியாது.

தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல ஒரு உறுப்பு வருவதுதான் போதிகை. உத்திரம் அந்தரத்தில் கடக்க வேண்டிய தூரத்தை அது குறைக்கிறது. விளையாட்டில் தலைகீழ்ப் படி பிளாக்கை உத்திரத்துக்கு அடியில், தூணின் இரு பக்கமும் ஒட்டினால் போதிகை தயார். சோழர் காலப் போதிகைகள் பெரும்பாலும் வெட்டிவிட்டது போலச் சாய்வாக, எளிமையாக இருக்கும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் அது நீண்டு, வளைந்து, முனையில் தாமரை மொட்டுத் தொங்கும், பூமுனை என்பார்கள். படி பிளாக்குக்கு அடியில் ஒரு லேன்டர்னைத் தொங்கவிட்டால் மொட்டும் ஆச்சு, வெளிச்சமும் ஆச்சு.

ஜெர்மனி, இங்கிலாந்துப் பழைய ஊர்களில் மாடி மட்டும் தெருப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மர வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மைன்கிராஃப்ட் கட்டட வீடியோக்களில் பாதி அந்த வீடுகள்தான். அங்கும் மாடியைத் தாங்க இதே போன்ற கை ஒன்று இருக்கும். மாடியை ஒரு பிளாக் வெளியே தள்ளினால் அடியில் தலைகீழ்ப் படியை மறக்காதீர்கள்.

சுவரும் திறப்புகளும்

இப்போதுதான் சுவர். தூண் கோட்டில் வைக்காமல் ஒரு பிளாக் உள்ளே தள்ளி வையுங்கள். தூண் சுவருக்கு முன்னால் நிற்கும், நிழல் விழும். மூலைத் தூண் சுவரின் மூலையை மட்டும் தொட்டுக்கொண்டு தனியே நிற்கும். அது அழகுதான், அடைக்க வேண்டாம். உள்ளே 9க்கு 5 இடம் கிடைக்கும். நிறத்துக்கு வெள்ளை டெரகோட்டா, கேல்சைட், அல்லது 2022இல் வந்த மட் பிரிக். இருண்ட தூண், வெளிர் சுவர் என்று இருந்தால் எது தாங்குகிறது, எது வெறுமனே அடைக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும். தூணும் சுவரும் ஒரே கோட்டில்தான் வர வேண்டும் என்று இடம் கட்டாயப்படுத்தினால், தூணின் முன்பாதி மட்டும் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் அரைத்தூணாகச் செய்யுங்கள். ஸ்லாப்பை நெட்டாக நிறுத்தி வைக்க வழியில்லாததால் ஃபென்ஸ் (வேலி) அல்லது கல் வால் (wall) பிளாக்கைச் சுவருக்கு முன்னால் அடுக்கிக்கொள்ளலாம்.

கதவைச் சுற்றி வரும் சட்டம் நிலை. பக்கங்களில் நிற்பவை நிலைக்கால்கள், மேலே கிடப்பது லிண்டல். நடு அங்கணத்தின் நடுவில் கதவை வைத்து, இரு பக்கமும் மேலேயும் வேறு மரத்தால் சட்டம் கட்டுங்கள். கதவு மெல்லியது, பிளாக்கின் ஒரு ஓரத்தில்தான் ஒட்டி நிற்கும். நீங்கள் நிற்கும் பக்கத்து ஓரத்தில் அது அமையும். ஆகவே வீட்டுக்குள் நின்றுகொண்டு கதவை வையுங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது கதவு உள்ளே அடங்கி, நிலை ஆழமாகத் தெரியும்.

ஜன்னலுக்கு முழுக் கண்ணாடி பிளாக் வேண்டாம், கண்ணாடிப் பேன் போதும். அது சுவரின் நடுக்கோட்டில் நிற்பதால் ஆழம் தானாக வந்துவிடும். ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் கட்டாயம். மழைச்சாரலும் உச்சிவெயிலும் உள்ளே வராமலிருக்க அது இருக்கிறது. இங்கே ஒரு நிழல் கோடு கிடைக்கிறது. மேல் பாதியில் பொருத்திய டிராப்டோர் (மெல்லிய மூடிக்கதவு) அதற்கு நல்ல கனம், மூன்று பிக்சல்தான். கீழே ஜன்னல் அடிக்கட்டைக்கு இன்னொன்று.

வளைவு பற்றிக் கொஞ்சம்

வளைவு என்றாலே பயந்துவிடுகிறார்கள். சதுர பிளாக்கில் வட்டம் எப்படி வரும்? இந்தப் பிரச்சினை நம் பழைய சிற்பிகளுக்கும் இருந்தது. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி, இரண்டு பக்கமும் மேலே சந்திக்க வைப்பது ஒரு முறை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்புறம் வெறும் கூடு. 1010இல் முடிந்த, சுமார் 60 மீட்டர் உயரமுள்ள அந்த விமானம் இப்படி அடுக்கடுக்காக உள்ளே ஒடுங்கித்தான் உச்சிக்குப் போகிறது. மைன்கிராஃப்டில் நீங்கள் போடும் எல்லா வளைவும் இந்த வகைதான்.

ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் உண்மையான வளைவில், உச்சியில் ஒரு நடுக்கல் இருக்கும். அதையும் பாவனையாக வைக்கலாம். மதுரைத் திருமலை நாயக்கர் மகால், 1636இல் கட்டியது, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு இப்படிப்பட்ட பெரிய வளைவுகளைத் தடித்த தூண்களின் மேல் நிறுத்தியிருக்கிறது.

ஐந்து பிளாக் அகலத் திறப்புக்கு இரண்டு வழி. தட்டையான வளைவு வேண்டுமென்றால், திறப்பின் மேல் வரிசையில் இரண்டு ஓரத்திலும் தலைகீழ்ப் படி, நடு மூன்றுக்கும் மேல் பாதி ஸ்லாப். உயரமாக வேண்டுமென்றால், முதல் வரிசையில் ஓரங்களில் மட்டும் தலைகீழ்ப் படி வைத்து நடுவைத் திறந்து விடுங்கள். அதற்கு மேல் வரிசையில் ஓரங்களை முழு பிளாக்கால் அடைத்து, இரண்டாவது, நான்காவது இடங்களில் தலைகீழ்ப் படி, நடுவில் மேல் பாதி ஸ்லாப். அந்த நடு ஸ்லாப்புக்கு மேலே சுவரில் ஒரு பிளாக்கை மட்டும் வேறு கல்லாகப் போட்டு ஒரு பிளாக் வெளியே தள்ளினால் நடுக்கல்.

கூரை

பெட்டி வீட்டைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் கூரைதான். சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சியில் நீளவாக்கில் ஓடும் கோடு முகடு. அதிலிருந்து சரிந்து இறங்கும் மரங்கள் கைமரம். சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரையின் ஓரம் இறவாணம். இரண்டு பக்கம் மட்டும் சரிவுள்ள கூரையில் மற்ற இரு பக்கமும் முக்கோணச் சுவர் நிற்கும். நாலு பக்கமும் சரிந்தால் அந்தச் சுவர் தேவையில்லை.

சரிவைத் தீர்மானிப்பது எந்த பிளாக் என்பதுதான். படி பிளாக்கை வரிசையாக ஏற்றினால் 45 பாகை. ஸ்லாப்பை மட்டும் அரை அரையாக ஏற்றினால் அதில் பாதி ஏற்றம். முழு பிளாக்கின் மேல் படி என்று ஏற்றினால் தேவாலயக் கூரை போலச் செங்குத்தாகப் போகும். பனி கொட்டும் நாட்டுக் கூரை செங்குத்தாக இருந்தால்தான் பனி வழுக்கி விழும். நம்மூர் ஓட்டு வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. அதற்கு ஸ்லாப் சரிவே நெருக்கமாக வரும். செங்கல் ஸ்லாப் போட்டால் சீமை ஓட்டின் நிறமும் கிடைத்துவிடும்.

பலரும் கூரையைச் சுவரின் விளிம்பில் ஆரம்பித்து மேலே ஏற்றுகிறார்கள். உத்திரத்தின் மேல் முதல் வரிசையை வைத்ததும், மேலே ஏறாமல் வெளியே இறங்குங்கள். பீடம் தூணைவிட ஒரு பிளாக் வெளியே நிற்கிறது அல்லவா? இறவாணம் அதையும் தாண்டி ஒரு பிளாக் போக வேண்டும், அப்போதுதான் தண்ணீர் பீடத்தின் மேல் சொட்டாமல் மண்ணில் விழும். ஆக, தூணிலிருந்து இரண்டு வரிசை வெளியே. 9 பிளாக் ஆழமுள்ள வீட்டுக்குக் கூரையின் விரிவு 13. ஒவ்வொரு பக்கமும் ஆறு வரிசை, நடுவில் முகட்டு வரிசை ஒன்று. படி பிளாக்கில் கட்டினால் இது 7 பிளாக் உயரம் வந்து நாலடுக்குச் சுவரை அமுக்கிவிடும், இறவாணமும் இரண்டு பிளாக் கீழே இறங்கி ஜன்னலை மறைக்கும். ஸ்லாப்பில் கட்டினால் பாதி உயரம்தான். இங்கே ஸ்லாப்தான் சரி.

முக்கோணச் சுவர்ப் பக்கமும் கூரை ஒரு பிளாக் வெளியே நீளட்டும். அந்த விளிம்பு வரிசையை மட்டும் வேறு நிறத்தில் போட்டால் கூரைக்குக் கரை பிடித்தாற்போல இருக்கும். பகை உயிர்களிடமிருந்து தப்பிப் பிழைக்கும் சர்வைவல் மோடில் ஆடுபவர்களுக்கு இறவாணத்தால் இன்னொரு லாபம்: சுவரில் ஏறி வரும் சிலந்தி வெளியே நீட்டிய கூரையின் அடியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

புகைபோக்கி வைத்தால் அதன் தலை முகட்டைவிட உயரமாக இருக்கட்டும். உள்ளே அணையாமல் எரியும் நெதர்ராக் கல் வேண்டாம், மரக்கூரையில் தீ பரவும். கேம்ப்ஃபயர் பரப்பாது, புகை மட்டும் மேலே போகும், அடியில் வைக்கோல் கட்டு இருந்தால் இன்னும் உயரமாகப் போகும்.

திண்ணையும் முற்றமும்

திண்ணைக்கு ஸ்லாப்பைவிடப் பொருத்தமான பிளாக் இல்லை. அரை பிளாக் என்பது அரை மீட்டர். உட்காரும் உயரம் அதுதான். வாசலின் இரு பக்கமும் இரண்டு பிளாக் அகலத்துக்கு ஸ்லாப் போட்டு, அதே அங்கண இடைவெளியில் முன்னால் ஒரு தூண் வரிசை, மேலே ஸ்லாப் சரிவைத் தொடர்ந்து தாழ்வாரம். கீழ்ப்பாதி ஸ்லாப்பின் மேல் ஜோம்பி, ஸ்கெலட்டன் போன்ற பகை உயிர் எதுவும் உருவாகாது என்பதால் ராத்திரியிலும் நிம்மதி.

வீடு பெரிதாக வேண்டுமென்றால் சுவரை நீட்டாதீர்கள், நடுவில் முற்றத்தைத் திறங்கள். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பைத் தாண்டினால் வரும் வளவு இப்படித்தான்: நடுவே வானம், சுற்றிலும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னால் அறைகள், கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிகிறது. முற்றத்தை ஐந்துக்கு ஐந்தாவது வையுங்கள், அதற்குக் குறைந்தால் கிணறு போலத் தெரியும். தரையைச் சுற்றுப்புறத்தைவிட அரை பிளாக் தாழ்த்துங்கள். மூலையில் ஒரு கால்ட்ரன் வைத்தால் மழையில் மெல்ல மெல்ல நிறையும். அண்டாவில் கூரைத் தண்ணீர் பிடித்தது போல.

கூடத்துத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்பவர்களுக்கு கிளேஸ்டு டெரகோட்டா இருக்கிறது. 16 நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோலம். நீங்கள் எந்தத் திசை பார்த்து வைக்கிறீர்களோ அதற்கேற்ப அது திரும்பும். இரண்டுக்கு இரண்டாக நாலு கல்லை, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்றுத் திரும்பி வைத்தால் நாலும் சேர்ந்து ஒரே பூவாகும். தரை முழுக்க நிரப்பாமல் நடுவில் மட்டும் போட்டு ஓரத்தில் ஒற்றை நிறப் பட்டை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கண் கூசும்.

கோட்டை கட்டுகிறவர்களுக்கு

இரண்டே விஷயம். நீளமான மதில் வெறுமையாகத் தெரிந்தால் ஒழுங்கான இடைவெளியில் முட்டுச்சுவர் வையுங்கள்: அடியில் இரண்டு பிளாக் துருத்தி, பாதி உயரத்தில் ஒன்றாகக் குறைந்து, ஒவ்வொரு ஒடுக்கத்திலும் சரிவான படி பிளாக். மதிலின் உச்சியில் வரும் பல்வரிசையில், பல் 2 பிளாக் உயரமாகவும் நடுவெளி 1 பிளாக் உயரமாகவும் இருக்கட்டும். உங்கள் 1.8 உயரத்துக்கு அப்போதுதான் பல்லின் பின்னால் முழுதாக ஒளிந்து ஸ்கெலட்டனின் அம்பிலிருந்து தப்ப முடியும். மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவருக்கு இவ்வளவு வேண்டாம். கல் வால் பிளாக் ஒரு வரிசை போதும், பார்க்க ஒரு பிளாக் என்றாலும் தாண்டிக் குதிக்க முடியாது.

விளக்கு கடைசியில்

1.18 பதிப்பிலிருந்து சாதாரண உலகத்தில் பகை உயிர்கள் உருவாக விளக்கொளி சுத்தமாகப் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். அதனால் முன்பு போலத் தரையெல்லாம் டார்ச் குத்தத் தேவையில்லை. போதிகைக்கு அடியில் ஒன்று, இறவாணத்தின் உட்பக்கம் அங்கணத்துக்கு ஒன்று, முற்றத்தின் நாலு மூலைத் தூணில் ஒவ்வொன்று என்று லேன்டர்னைத் தொங்கவிடுங்கள். கூரையின் உள்வெளியை மறந்துவிடாதீர்கள். முக்கோணச் சுவருக்குப் பின்னால் இருட்டில் வெடிக்கும் கிரீப்பர் ஒன்று உருவாகிக் காத்திருக்க அந்த இடம் தாராளம்.